முந்திப் போன விரல்கள்

ஜூலை 9, புதன்கிழமை. காலையில் எழுந்து தண்ணீர் மோட்டார் போட்டேன். பால் வாங்கி வந்தேன். வில்லியனூர் கடைத்தெருவில் உள்ள எங்கள் பைப், மோட்டார் கடையை வழக்கமான நேரத்துக்குத் திறந்தேன். வந்தவர்கள் விலை கேட்டுவிட்டுப் போனார்கள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியையும் திரையையும் மனைவி கூடத்தில் இறக்கி வைத்திருந்தாள்.

"பழைய சாமான்காரரு சாயங்காலம் வராரு. உள்ள எதுனா வேணும்னா இப்பவே பாத்துக்கோங்க."

பார்க்க என்ன இருக்கிறது? இருந்தாலும் ஒயரைச் செருகிப் பட்டனை அழுத்தினேன். உள்ளே விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. சூடேறிய தூசியின் வாசனை மட்டும் வந்தது. அந்த வாசனை போதும், நண்பரே. சோறு ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தைந்து வயதில் நான் ஏழுமலை அண்ணனின் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் போவோம். அண்ணன்தான் பாடகர், முதலாளி, வேன் ஓட்டுநர், எல்லாம். அப்பாவுக்கு நான் கடையில் உட்கார வேண்டும். எனக்கு அந்த மேடை நாற்காலிதான் வேண்டும். அதைக் காப்பாற்றிக்கொள்ள நல்ல பியானோ சத்தம் தேவை என்று நினைத்தேன். என் கீபோர்டில் இருந்த பியானோ, சில்வர் தட்டில் ஸ்பூன் விழுந்ததுபோல் ஒலிக்கும்.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் ஓடும் பியானோவைக் கேள்விப்பட்டேன். உண்மையான பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெல்லத் தட்டி, ஓங்கித் தட்டி, தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். நாம் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், கம்ப்யூட்டர் அந்தப் பதிவைத் தேடி எடுத்துத் தரும். அதற்கு எட்டு ஜிபி ராம் வேண்டும், வேகமான டிஸ்க் வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு ஜிபி. மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நண்பன் சரவணன் சிரித்தான்.

"பியானோ வாசிக்க எட்டு ஜிபியா? இன்னாடா, பியானோவயே உள்ள எறக்கப் போறியா?"

கிட்டத்தட்ட அதுதான். இருப்பதில் ஓட்டிப் பார்த்தேன். நாலு கட்டையைச் சேர்த்துப் பிடித்தால் சத்தம் கடுகு வெடிப்பதுபோல் பொரிந்தது. பஃபர் என்ற ஓர் அளவைக் கூட்டினால் பொரியாது என்றான் சரவணன். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு கொடுக்கும். கூட்டினேன். பொரிவது நின்றது. பியானோ அவ்வளவு அழகாக இருந்தது. ஒலி இமைப்பொழுது தாமதமாக வந்ததை நான் கவனிக்கவே இல்லை. தினமும் அதில் பயிற்சி செய்தேன்.

அடுத்து கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு வரவேற்பு. மேடைக்கு என் பழைய கீபோர்டுதான், அதில் அழுத்தியதுமே ஒலி வரும். இரண்டாவது பாட்டிலேயே, தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேடு தட்டும் குமார் என் பக்கம் குனிந்தான்.

"இன்னாபா, கடைசி பஸ்ஸப் புடிக்கணுமா? எங்களையும் கூட்டிக்கினு போயேன்."

அவன்தான் பின்தங்குகிறான் என்று நான் நம்பினேன். வீட்டுக்கு வந்து இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய்தேன், அதே கம்ப்யூட்டரில். ஒருநாள் சரவணன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னான்: "டேய், கட்ட டக்குங்குது, அப்பறந்தான் சத்தம் வருது. தாளத்துக்கு முன்னாடியே அமுக்கிப் பழகிட்டடா நீ." அவனே ராமைக் கூட்டி, பஃபரைக் குறைத்தும் கொடுத்தான். சத்தம் சரியான நேரத்துக்கு வந்தது. என் கைக்குத்தான் அது தெரியவில்லை.

பாகூர் திருவிழாவில் அண்ணன் எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். மெதுவான பாட்டு, அவர் குரலும் என் கீபோர்டும் மட்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் அவர் மூச்சு இழுப்பதற்குள் நான் அடுத்த வரியில் இருந்தேன். இறங்கியபின் டீ வாங்கிக் கொடுத்தார்.

"வாசிப்புல கொற இல்லப்பா. ஆனா எனக்கு வயசாவுதுடா. உன் பின்னாடி ஓடியார முடியல."

அதன்பிறகு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் அப்பாவின் கடைக்குப் போனேன். பைப் வியாபாரத்தில் இன்றுவரை நான் எதிலும் முந்தியதில்லை. பிறகு பென்டிரைவில் ட்ராக் வந்தது, வாத்தியங்கள் எல்லாம் முன்பே பதிவான பின்னணி இசை. அண்ணன் அதற்குப் பாடினார். அது யாருக்காகவும் முந்துவதும் இல்லை, நிற்பதும் இல்லை. கைதட்டலுக்குக்கூட நிற்காது. குழு கலைந்தது. குமார் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணன் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

சாயங்காலம் பழைய சாமான்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபின், மகளுடைய கீபோர்டை, கடையிலிருந்து கொண்டுவந்த பில் போடும் லேப்டாப்பில் இணைத்தேன். அதில் பதினாறு ஜிபி இருக்கிறது, சுற்றாத, வேகமான டிஸ்க் இருக்கிறது. எப்போதோ ஆசைப்பட்டு இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்த பியானோவைத் திறந்தேன். ஒரு கட்டையைத் தொட்டேன். விரலோடு சேர்ந்தே ஒலி வந்தது.

பாகூரில் வாசித்த பாட்டை மெதுவாக வாசித்தேன். முதல் வரி முடிந்ததும் என் கை தானாக நின்றது. காத்திருந்தது. மூச்சு இழுக்க அங்கே யாரும் இல்லை.

மறுநாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக லேப்டாப்பிலிருந்து அந்தப் பியானோவை அழித்தேன். அன்று அதை இறக்க ஒரு ராத்திரி முழுக்க ஆகியிருந்தது. அழிய, எதிர்க்கடை டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.