மீன்கள் முடிக்காத ரொட்டி

ரொட்டி தீரப்போகும் நேரத்தில் ஜெபினிஸோ ஹோலாவின் கை நின்றுவிடும். வட்ட ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளிச் சுனைக்குள் போட்டுக்கொண்டே வருபவர், உள்ளங்கை அளவு மிஞ்சியதும் நிறுத்தி, அந்தத் துண்டை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். கருமீன்கள் விளிம்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "போதும், போங்க" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுப்பார்.

மஹ்லியோ இதைப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்த்து வருகிறாள். பாலிக்லிசோய் ஊரில் எல்லோருக்கும் அவர் ஹோலா, சித்தி முறை. அந்தத் துண்டு ஹோலா வீட்டுக் கோழிகளுக்குப் போகிறது என்பது ஊரில் பலகாலப் பேச்சு. சுனையை ஒட்டிய தர்காவுக்கு வருகிறவர்கள் புண்ணியத்துக்கு வாங்கிப் போடும் ரொட்டியில் கோழி கொழுக்கிறது என்பார்கள். மஹ்லியோவும் அதை நம்பினாள். லாரி ஓட்டுகிறவரின் மகள், வீட்டிலேயே முதல் பட்டதாரி, சமர்கந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, மீன்களின் மரபணுவை எடுத்துப்போக ஒரு பெட்டியோடு ஊருக்குத் திரும்பி வந்தபோது, அந்தப் பழைய சந்தேகமும் பெட்டிக்குள் எங்கோ இருந்தது.

ஆனால் சந்தேகப்படுவதில் ஹோலாவை யாரும் மிஞ்ச முடியாது. சுனைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், "கையைக் காட்டு" என்பார். வாங்கி முகர்ந்து பார்ப்பார். சோப்பு வாசம் அடித்தால் கையைத் தண்ணீரில் நனைக்க விடமாட்டார். சோப்பு பட்டால் மீன் செத்துப்போகும் என்பது அவர் கட்சி. மணக்கோலத்தில் வந்த மாப்பிள்ளையின் கையையும் முகர்ந்திருக்கிறார், பள்ளிவாசல் இமாமின் கையையும் முகர்ந்திருக்கிறார். பெரிய கைப்பையோடு வரும் பெண்களுக்குப் பின்னாலேயே துடைப்பத்தோடு நடப்பார். பையில் என்ன இருக்கும் என்று கேட்டால், "காலியாத்தான் இருக்கும். போறப்பவும் காலியா இருக்கணுமில்ல" என்பார்.

வருமானம் என்றால் இரண்டு. வாசலில் ரொட்டி விற்பார். சுனைக்கு மேலே சரிவில் கிளம்பும் மலை வெங்காயத்தைத் தோண்டி உப்பில் ஊறப்போட்டு ஜாடியில் விற்பார். ஜாடியைக் கொடுப்பதற்கு முன் வாங்குகிறவர் கண் எதிரில் ஒரு வெங்காயத்தை எடுத்து, தானே கடித்துத் தின்று காட்டுவார். உலகத்தில் எல்லோரும் தன்னைப் போலவே சந்தேகப்படுவார்கள் என்று நினைக்கிறவர் அவர்.

கருமீனை அந்த ஊரில் யாரும் தின்பதில்லை. வயிற்றுக்குள் கறுப்புச் சவ்வு, முட்டையில் விஷம். அது தர்காவில் அடங்கிய பெரியவரின் மீன் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு மீன் செத்தால் ஹோலா அதைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, முசுக்கட்டை மரத்தடிச் சுவரோரம் புதைப்பார். அங்கே கால் வைக்கக் கூடாது. குழந்தைகள் பந்து அந்தப் பக்கம் போனால் பந்து போனதுதான்.

இப்போது அந்தச் சுனைக்கே ஆபத்து வந்திருந்தது. ஊருக்குக் கீழே பாதாம் தோட்டம் போட்டவர் ஆழ்துளைக் கிணறு இறக்க அனுமதி கேட்டிருந்தார். கிணறு இறங்கினால் சுனை இறங்கும். சுனை இறங்கினால் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மஹ்லியோவின் பேராசிரியர் இஸ்கந்தரோவ் ஒரு வழி சொன்னார். இந்தக் கருமீன் வேறெங்கும் இல்லாத இனவழி என்று காட்ட முடிந்தால், மாவட்ட அதிகாரிகள் கிணற்றுக்குக் கையெழுத்துப் போடமாட்டார்கள். தோட்டக்காரரின் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். என்ன அதிசய மீன், வாய்க்காலில் பிடித்து அந்தப் பொம்பளைதான் போடுகிறாள் என்று சந்தையில் சொல்லித் திரிந்தார்கள்.

பேராசிரியர் முதல் நாள் வந்து, துடுப்பின் ஓரத்தில் துளி வெட்டிக் குப்பியில் போடவேண்டும் என்றார். ஹோலா குப்பியை வாங்கினார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பேராசிரியரை விட்டுவிட்டு மஹ்லியோ பக்கம் திரும்பினார்.

"பெரியவரோட மீனை வோட்காவுல ஊறப்போடத்தான் உங்கப்பன் உன்னைச் சமர்கந்துக்கு அனுப்பினானா?"

"வோட்கா இல்ல ஹோலா. ஸ்பிரிட்."

"வாசனை தெரியாதவகிட்ட போய்ச் சொல்லு. என் புருஷன் இருபது வருசம் வாயைத் திறந்து இதே வாசத்துலதான் பேசினான்."

பேராசிரியர் சிரித்தார். ஹோலா சிரிக்கவில்லை. மத்தியானம்வரை பேச்சு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. வெட்டக் கூடாது, வோட்கா கூடாது. மீனின் மேல் வழவழப்பைப் பஞ்சால் துடைத்து உலர் குப்பியில் போட்டுக்கொள்ளலாம். "மீனுக்கு மூக்கு ஒழுகுச்சுன்னு நெனச்சுக்கறேன், தொடைச்சுக்கோ" என்றார். ஒவ்வொரு பஞ்சும் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

மலை வெங்காயத்தின் இலைக்கும் இதே சோதனை நடந்தது. இலையைக் கிள்ளலாம், கிழங்கைத் தொடக் கூடாது. இந்தச் சரிவு வெங்காயமும் வேறெங்கும் இல்லாத வகையாக இருக்கலாம், இனித் தோண்டுவதைக் குறைத்தால் நல்லது என்று பேராசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருவதற்கு ஆடுகள்தான் காரணம் என்று சொல்லிவந்த ஹோலா, "அப்ப ஜாடி விலையை ஏத்தலாம்னு சொல்றீங்க" என்றார்.

பஞ்சு வரைக்கும் சரியாகத்தான் போனது. அதற்கடுத்து பேராசிரியர் கேட்டதுதான் பிரச்சினை. தோட்டக்காரர் வாயை அடைக்க, இந்த மீன் பலகாலமாக இதே சுனையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் பழைய எலும்பு வேண்டும், சுவரோரம் ஒரு குழியைத் திறக்கலாமா என்றார்.

ஹோலா சுவரோரம் போய், துடைப்பத்தைக் குறுக்கே பிடித்து நின்றுகொண்டார். சவக்குழி தோண்டுவதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டார். வார்த்தை கோபமாகத்தான் இருந்தது. ஆனால் பேசும்போது அவர் கண் குழிகளைப் பார்க்கவில்லை, சுனையைப் பார்த்தது. மஹ்லியோ அதைக் கவனித்துவிட்டாள். கவனித்திருக்க வேண்டாமே என்றும் தோன்றியது.

அன்று வீட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவளுக்கு ஒரு குளிர்காலம் நினைவுக்கு வந்தது. மழை பொய்த்த வருஷம். சுனை ஒரு குட்டையாகச் சுருங்கியது. தர்கா வாசலைச் சாத்திவிட்டு, சுவர் வேலை நடக்கிறது, நவ்ரூஸ் பண்டிகைக்குத் திறப்போம் என்றார் ஹோலா. திறந்தபோது சுனையில் மீன்கள் இருந்தன. ஆனால் முன்பிருந்தவை பெரிதாக, சோம்பலாக மிதப்பவை. இவை சிறியவை, துள்ளுபவை. பெரியவர் தன் மீன்களுக்கு இளமையைத் திருப்பிக் கொடுத்தார் என்று ஊர் பேசியது. எவரும் கேள்வி கேட்கவில்லை. பள்ளிச் சிறுமியாக இருந்த மஹ்லியோவும் கேட்கவில்லை.

இப்போது தன்னையே கேட்டுப் பார்த்தாள். வாய்க்கால் மீன் என்றால், அவள் கொண்டுவந்த பஞ்சுதான் ஊரின் தண்ணீரைக் கொண்டுபோகும். சில குப்பிகள் வழியில் உடைந்துவிட்டன என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள். இந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. உண்மையைத் தெரிந்துகொள்ள வந்தாளா, ஊர் விரும்பும் பதிலைக் கொண்டுபோக வந்தாளா? இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் இந்தப் படிப்பையே படித்திருந்தாள்.

மறுநாள் காலையில் தனியாகப் போனாள். ஹோலா கேட்கும் முன்பே கையை நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

"ஹோலா, வாய்க்கால்லேர்ந்தா கொண்டுவந்தீங்க?"

துடைப்பம் நின்றது. ஹோலாவின் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு, அதில் வந்தது அவமானம் என்று தெரிய ஒரு கணம் ஆனது.

"வாய்க்கால் மீனைப் பெரியவர் தண்ணில விடுவேனா? என்னை என்னன்னு நெனச்ச?"

பிறகு உட்கார்ந்தார். அந்த வருஷம் இந்தச் சுனையின் மீன்கள் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. எல்லாவற்றையும் அவரே துணி சுற்றிப் புதைத்தார். வெறும் சுனையை ஊருக்குக் காட்ட அவருக்குத் துணிவு வரவில்லை. பெரியவர் கைவிட்டுவிட்டார் என்று பேச்சுக் கிளம்பினால் ஊருக்குப் பெண் கொடுக்கக்கூட ஆள் வரமாட்டார்கள். பால் கேன்களில் பனிக்கட்டி போட்டுக் கழுதைமேல் ஏற்றி, மலை முகட்டைத் தாண்டி தெரெக்புலாக் சுனைக்குப் போனார். அங்கே மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஷரோஃபத் என்ற பெண். அவரிடம் கடன் கேட்டார். உங்கள் சுனையில் பெருகியதும் திருப்பிக் கொண்டுவந்து விடு என்று சொல்லி ஷரோஃபத் கொடுத்தார்.

ராணுவத்துக்குப் போகும் மகன் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போனால், மிச்சத்தை ஆணியில் மாட்டி, அவன் திரும்பி வந்து முடிக்கும்வரை காத்து வைக்கும் மக்கள் அவர்கள். ஷரோஃபத் ஒரு ரொட்டியின் விளிம்பைப் பால் கேனுக்குள் நனைத்துப் பிடித்தார். மீன்கள் கொறித்தன. மிச்ச ரொட்டியைச் சுவரில் மாட்டினார்.

"கடைசித் துண்டு அங்க தொங்குது" என்றார் ஹோலா. "அதனாலதான் இங்க எந்த ரொட்டியையும் முடிக்க விடறதில்ல. இங்க முடிச்சிட்டா மீனுங்க தன் ஊரை மறந்துடும்."

"அப்ப திருப்பிக் குடுத்துடலாமே?"

"எங்க? இதுங்க குஞ்சு பொரிக்கறதுக்குள்ள அங்க பம்பு வெச்சிட்டானுங்க. தெரெக்புலாக்ல இப்ப சேறுகூட இல்ல."

எழுந்து சுவரோரம் போனார். துடைப்பக் காம்பாலேயே மண்ணைக் கிளறினார். மக்கிப்போன வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை எடுத்து மஹ்லியோவின் கையில் வைத்தார்.

"மண்ணுல கெடக்கறது நம்ம மீன். தண்ணில இருக்கறது விருந்தாளி. உள்ளதை உள்ளபடி எழுது. வாய்க்கால்னு மட்டும் ஒருத்தனும் சொல்லக்கூடாது."

குப்பிகள் எதுவும் உடையவில்லை. முடிவு வர வெயில்காலம் ஆகிவிட்டது. எலும்பின் இனவழி வேறு, அது முடிந்துபோனது. சுனையில் நீந்துபவை வாய்க்கால் மீன்களோடும் சேரவில்லை. ஆய்வுக்கூட அலமாரியில், யாரோ எப்போதோ தெரெக்புலாக்கில் பிடித்துப் போட்டுவைத்த ஒரு குப்பி மீனோடு சேர்ந்தன. அந்த இனவழி அழிந்துவிட்டது என்றுதான் பேராசிரியர் பாடமே நடத்தியிருந்தார். இப்போது உலகத்தில் அது உயிரோடு இருப்பது இந்த ஒரு சுனையில். கிணற்றுக்கான அனுமதி இப்போதைக்கு இல்லை என்று மாவட்டத்திலிருந்து பதில் வந்தது.

தேநீர்க் கடையில் மஹ்லியோ எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். ஊர் சந்தோஷப்பட்டது. கொஞ்ச நேரம்தான். பிறகு ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "தெரெக்புலாக்காரங்க நாளைக்கு வந்து எங்க மீன்னு கேட்டா?" என்றார். எல்லோரும் முகட்டைப் பார்த்தார்கள்.

சில ஜோடிகளைச் சமர்கந்துத் தொட்டியில் வளர்த்து வைக்க வேண்டும், ஒரே சுனையை நம்பி இருக்கக்கூடாது என்று பேராசிரியர் கேட்டார். எடுத்துக் கொடுக்க இது என் பொருள் இல்லை, சொந்தக்காரியைக் கேளுங்கள் என்றுவிட்டார் ஹோலா. மஹ்லியோ மாவட்ட நகரத்துக்குப் போய், மகனோடு மூன்றாம் மாடியில் குடியிருந்த ஷரோஃபத்தைப் பங்கு டாக்சியில் கூட்டிவந்தாள். அவர் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது.

இரண்டு பேரும் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பிள்ளைகள், முழங்கால், ரத்த அழுத்தம் என்று ஒன்றும் விடவில்லை. முடிந்ததும் ஹோலா, "கையைக் காட்டு" என்றார். ஷரோஃபத் நீட்டினார். ஹோலா முகர்ந்தார்.

"சோப்பு. போய் வெறுந்தண்ணில கழுவிட்டு வா."

"என் மீனுக்கு எங்கிட்டயேவா?"

"உன் மீனுன்னுதான் சொல்றேன்."

ஷரோஃபத் முணுமுணுத்துக்கொண்டே கழுவிவிட்டு வந்தார். சமர்கந்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். சுனை விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு மூட்டையை அவிழ்த்தார். கல்லாகக் காய்ந்த ரொட்டி, ஒரு விளிம்பில் சின்னச் சின்னதாகக் கொறித்த தடம். ஹோலா சொன்னது பொய்யில்லை, சரி. ஆனால் இத்தனை வருஷம் எலி தொடாமல் எப்படி இருந்தது என்று மஹ்லியோவின் மனம் அப்போதும் ஒரு கேள்வி கேட்டது.

"நான் இனி மலை ஏறப்போறதில்ல ஜெபினிஸோ. அங்க தண்ணியும் வரப்போறதில்ல. இங்கயே முடிச்சுக்கட்டும்" என்று ஷரோஃபத் ரொட்டியைத் தண்ணீருக்குமேல் நீட்டினார்.

ஹோலா குனிந்து, ரொட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். ஒரு துணுக்கு அதில் உதிர்ந்தது. கீழே மீன்கள் வந்து அவர் புறங்கையை முட்டின. கையை எடுக்கவில்லை.