மேல்தாடையில் ஒரு மாடு

என் முன்பற்கள் இரண்டையும் எடுத்தது ஒரு மாடு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரரே கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் நம்பினார். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. கன்றை அவிழ்த்துவிடக் குனிந்தேன். பசு ஈயை விரட்டத் தலையை உதறியது. கொம்பின் அடிப்பக்கம் மேலுதட்டில் வந்து மோதியது. ஒரு பல் வைக்கோலில் விழுந்தது, இன்னொன்று பாதியாக உடைந்து நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸருக்குப் பல் விஷயத்தில் தெரிந்த ஒரே வைத்தியம் பிடுங்குவதுதான், அந்தப் பாதியையும் பிடுங்கிப் பஞ்சு வைத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் அம்மா என்னைத்தான் திட்டினார். பசு மிரண்டு போயிருக்கிறதாம்.

கல்யாணத்துக்கு முன்னால் எடுத்து மாட்டும் பல்செட் ஒன்று செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பல்செட் மாற்றியாயிற்று. ஒன்று மட்டும் மாறவில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். கல்யாண ஆல்பத்தில் நான் எதையோ மறைக்கிற திருடி மாதிரி நிற்கிறேன்.

இப்போது அம்பாங்கானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வேன் ஓட்டுகிறவளுக்குக் குரல் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சிக்னலில் குறுக்கே புகுந்த ஒரு மோட்டார்க்காரனைக் கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை கேட்டேன். மூன்றாவது வார்த்தையில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

பல்செட்டின் கம்பி பிடித்திருந்த பக்கத்துப் பற்களும் ஆடத் தொடங்கியிருந்தன. அதனால் சிரம்பானில் ஒரு பல் டாக்டரைப் பார்த்தேன். மலாய்க்காரப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். பல் போன இடத்து எலும்பு, வேலையில்லை என்று மெல்ல மெல்லக் கரைந்துவிடுமாம். என் மேல்தாடை எலும்பு முன்பக்கத்தில் கத்தி முனை போல மெலிந்திருந்தது. எலும்புக்குள் ஒரு திருகாணியை இறக்கி அதன்மேல் பல்லைக் கட்டலாம், ஆனால் மெல்லிய பலகையில் திருகாணி நிற்காது. முதலில் எலும்பைத் தடிமனாக்க வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் ஆடும் பற்களும் போய்விடும், அப்புறம் எந்தச் செட்டும் நிற்காது என்றாள்.

எப்படித் தடிமனாக்குவது என்று கேட்டேன். சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் காட்டினாள். உள்ளே வெள்ளைக் குருணை, பார்க்கக் கல் உப்பு மாதிரி. எலும்பு மெலிந்த இடத்தில் இதை வைத்துத் தைத்துவிட்டால், என் எலும்பு இதைச் சுற்றி வளர்ந்து பிடித்துக்கொள்ளும். சொல்லிவிட்டு என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"ஆன்ட்டி, இது லெம்பு. பரவாயில்லையா?"

லெம்பு என்றால் மாடு. மாட்டு எலும்பைச் சுட்டுச் சுத்தம் செய்த குருணை. தன்னிடம் வருகிற முஸ்லிம்களுக்குப் பன்றி எதுவும் சேராமல் பார்த்துக்கொள்வது போல இந்துக்களிடம் இதைக் கேட்டுவிட்டுத்தான் செய்வதாகச் சொன்னாள். வேறு வழி இல்லையா என்றேன். இருந்தது. என் பின்தாடையிலிருந்தே எலும்பைச் சுரண்டி எடுக்கலாம். ஆனால் எனக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி, இரண்டு புண் ஆறுவதை விட ஒரு புண் ஆறுவது நல்லது. செயற்கைக் குருணையும் உண்டு, என் எலும்பு மெலிந்த அளவுக்கு அதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாட்டுக் குருணை சீக்கிரம் கரையாதா என்று கேட்டேன். கரையாது, கடைசிவரை உங்கள் எலும்போடு எலும்பாக இருக்கும் என்றாள். நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். நீலாய் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு என்னைக் கிண்டல் செய்வதுதான் முழுநேர வேலை.

"எடுத்ததே மாடுதான. அதுவே திருப்பிக் குடுக்குது, வாங்கிக்க லா."

அப்புறம் தர்க்கத்தில் இறங்கினார். நெற்றியில் பூசுகிற திருநீறு எதில் இருந்து வருகிறது என்றார். சாணம் உயிரோடு இருக்கிற மாடு தருவது, எலும்பு அப்படி இல்லை என்றேன். இதுவும் மாடுதானே என்று பால் பவுடர் டின்னைத் தூக்கிக் காட்டினார். நான் அந்த டின்னைப் பிடுங்கி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது, ஆனால் அவர் சொல்வது எனக்குள் இறங்கவும் இல்லை. நான் மாட்டிறைச்சி தொட்டவள் இல்லை. அது சாஸ்திரம் படித்து வந்ததில்லை. கொட்டகையில் நின்ற ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

உண்மையில் என் பயம் சாமியிடம் இல்லை. தம்பியிடம்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று பிறந்த வீடு இருக்கிறதென்றால் அது தம்பிதான். தோட்டத்தை விட்டு எல்லாரும் போன பிறகும் அவன் போகவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் டிராக்டர் ஓட்டுகிறான். அதே கொட்டகையில் மாடு வளர்க்கிறான். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு நான் போய்த்தான் மாடுகளுக்கு முதல் பிடி பொங்கல் ஊட்ட வேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம். கொட்டகை விஷயத்தில் அவன் மகா கண்டிப்பு. தோல் செருப்போடு யாரும் உள்ளே வர முடியாது. என் மகன் கோலாலம்பூரில் படிக்கும்போது கூட்டாளிகளோடு மாட்டு பர்கர் சாப்பிட்டு அதைப் படம் வேறு எடுத்துப் போட்டுவிட்டான். அந்த வருஷம் பொங்கலுக்கு அவன் கன்றுக்கு வாழைப்பழம் கொடுக்கப் போனான். தம்பி அவன் கையிலிருந்த பழத்தை வாங்கி வேறொரு பையனிடம் கொடுத்தான். மகன் அதோடு மாமா வீட்டுப் பக்கம் போவதே இல்லை.

மகனுக்கே அந்த மரியாதை என்றால், தாடைக்குள் மாட்டை வைத்துத் தைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? சொல்லாமல் செய்துவிடலாம் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். என்னால் முடியாது. அவனுக்குப் பிடி பிடியாய்ச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். அவனிடம் ஒளித்து வைத்த விஷயத்தோடு அந்தக் கொட்டகையில் குனிய எனக்கு உடம்பு வராது. பல் வேண்டும், தம்பியும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியிருந்தால் பல்லை விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஆண்டுக் கடைசி விடுமுறையில் தோட்டத்துக்குப் போனேன்.

அவன் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குப்பியைச் சொன்னேன், அது கரையாது என்பதையும் சொன்னேன். அவன் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், எனக்கு ஒன்றும் கோபமில்லை என்றேன். அப்போதுதான் குழாயை மூடினான்.

"அக்கா, இங்க பொறக்குற காளக்கன்னு எல்லாம் எங்க போவுது?"

எனக்குத் தெரியாமலா இருக்கும்? பசுதான் பால் தரும். காளைக் கன்று வளர்ந்ததும், முஸ்லிம்கள் குர்பானி கொடுக்கும் ஹரிராயா ஹாஜி வருவதற்கு முன்னால், லோரி வரும். அன்று அம்மா காளையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, வீட்டிலிருந்து தள்ளி, கீழே ரோட்டோரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவார். வந்து பின்கதவைச் சாத்துவார். மத்தியானம்வரை அடுப்பு எரியாது. விற்றாச்சு என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது. லோரி ஏறிடுச்சு என்போம், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அந்தக் காளை ஏதோ வெளியூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பது போல இருந்துவிடுவோம். அடுத்த நாள் வழக்கம்போல் சமையல் நடக்கும்.

தானும் அப்படித்தான் செய்வதாகத் தம்பி அன்றைக்குச் சொன்னான். குளிப்பாட்டுகிறான், பொட்டு வைக்கிறான், கீழே கட்டிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். காளையை வைத்துக்கொள்ளத் தோட்டத்தில் இடமும் இல்லை, தீனிக்கு வழியும் இல்லை. குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னான்.

"ஒம் மவன் கையில இருந்து பழத்த வாங்குனேனே, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. தின்னவன் கையத் தட்டிவிட்டேன். ஏத்தி அனுப்புறவன் நான்தான்."

எனக்கு அவனைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இத்தனை வருஷமாக இவனை அந்தப் பிடிவாதத்துக்காக நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இவன் இந்தக் கொட்டகையில் தனியாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். எழுந்து போய் அவன் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி ஓரமாக வைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அவன் என்னைப் பார்க்காமல், கட்டுத்தறிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஏறிப் போனது எதுவும் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது இல்லக்கா. ஒன்னாச்சும் நம்மகிட்ட இருக்கட்டும். போட்டுக்கோ."

ஜனவரி தொடக்கத்தில் போட்டுக்கொண்டேன். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு, ஈறைத் திறந்து, குருணையை என் ரத்தத்திலேயே குழைத்தாள் டாக்டர். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரமணல் மாதிரி சிவப்பாக இருந்தது. நான்தான் முன்கூட்டியே காட்டச் சொல்லியிருந்தேன். அந்த மாடு எந்த நாட்டு மாடோ, என்ன நிறமோ, யார் கறந்ததோ. பெயர் வைத்திருப்பார்களா என்று நினைத்தேன். பிறகு மெல்லிய தாள் மாதிரி ஒரு படலத்தால் மேலே மூடித் தைத்தாள். திருகாணி இறக்கி, அதன்மேல் பல் கட்டி முடிக்க அந்த வருஷம் முழுக்க ஆனது. இப்போது கரும்பைக் கூடக் கடிக்கலாம் போலிருக்கிறது, டாக்டர்தான் விடமாட்டேன் என்கிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஜனவரியின் மாட்டுப் பொங்கலை. தையல் இன்னும் பிரிக்கவில்லை. மேலுதடு வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. புண் ஆறும்வரை பல்செட் போடக்கூடாது என்பதால் முன்னால் பெரிய ஓட்டை. மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன். கொட்டகையில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, பலூன்கூடக் கட்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். என்னால் வாயைத் திறந்து கத்த முடியவில்லை, தட்டை மட்டும் தட்டினேன். வழக்கப்படி முதல் பிடியை நான் ஊட்டப் போகும்போது கால் ஒரு கணம் தயங்கியது. தம்பி பொங்கல் பானையை என் பக்கம் நகர்த்தி வைத்தான். ஊட்டினேன். பெரிய பசு என் உள்ளங்கையைச் சொரசொரவென்று நக்கிக் காலி செய்தது.

அதற்குப் பிறகுதான் அவன் பொட்டு வைக்கத் தொடங்கினான். சந்தனத்தைக் குழைத்த கையோடு ஒவ்வொரு மாடாக வந்தான். தாடையை ஒரு கையால் பிடித்து, அசையாத, அசையாத என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினான். நான் வரிசையின் கடைசித் தூணில் சாய்ந்து நின்றிருந்தேன். கடைசிக் கன்றுக்கும் வைத்து முடித்தான். கையைக் கழுவப் போகிறான் என்று நினைத்தேன். என் முன்னால் வந்து நின்றான். மாஸ்க்கைக் கீழே இறக்கினான். வீக்கத்தைப் பார்த்தான். என் தாடைக்கு அடியில் விரலை வைத்து, வலிக்காமல், மெதுவாக முகத்தை நிமிர்த்தினான்.

"அசையாத," என்றான்.

மாட்டுக்கு வைத்தது போலவே, தடியாக, கோணலாக வைத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் கோணினால் தையல் பிரியும் என்று டாக்டர் எச்சரித்திருந்தாள். நான் கட்டுப்படுத்திப் பார்த்தேன், முடியவில்லை. பல் போன ஓட்டை தெரிய, கையால் வாயை மூடாமல், அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று அழுதேன்.