எஞ்சின் மாற்ற அனுமதி

தொண்ணூறுகளில் பெட்ரோல் விலை ஏறினால், மறுநாள் காலையே ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக் ஷெட் வாசல்களில் கார்கள் வரிசைகட்டும். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக்கொள்ளத்தான். தி. நகர் தரகரிடம் நல்ல பெட்ரோல் கார்கள் கேட்பாரற்று வெயிலில் வெளுத்தன. இருமிக்கொண்டு ஓடும் டீசல் வண்டிக்கோ ஆள் காத்திருந்தது.

அரசு அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற மறு வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. விரல்கள் மெல்லப் பிரியத் தொடங்கியிருந்தன. "இப்போ விட்டா கை மூடிக்கும்" என்று சொல்லியிருந்தார் டாக்டர். அந்த நேரத்தில் பெட்ரோல் மறுபடி ஏறியது. பென்ஷனில் கட்டுப்படியாகாது, நானும் வரிசையில் சேர்ந்தேன்.

ஆனால் முறைப்படி. எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். நான் எழுதிய விண்ணப்பம் எந்த மேஜையிலும் ஒரு வாரத்துக்கு மேல் தங்காது என்ற கர்வத்தில், அன்றே காரையும் ஷெட்டில் விட்டேன். மெக்கானிக் பழைய எஞ்சினை இறக்கினார். உத்தரவு வரும்வரை புதியதை ஏற்றக் கூடாது என்றேன்.

"இன்னா சார் நீ! மெட்ராஸ்ல பாதி வண்டி இப்டித்தான் ஓடிக்கினு கீது. நாலு நாள்ல முடிச்சுத் தரேன், புக்க அப்பால பாத்துக்கலாம்."

"அப்பால என்று விதியில் இல்லை."

"விதியா? அப்ப வண்டி இங்கியே கெடக்கட்டும்."

கிடந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பழைய கடன் பதிவு நீக்கப்படவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது. கடன் கொடுத்த கம்பெனிதான் மூடியிருந்தது. ஆட்சேபக் குறிப்பு பிழையில்லாமல் இருந்தது. முப்பது வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன்.

மனைவியை ஆட்டோவில் இரண்டு முறை அழைத்துப் போனேன். மூன்றாம் முறை ஏறும்போது கால் வழுக்கி, என் மேலேயே சாய்ந்தாள்.

"போறும்னா. கார் வந்தப்புறம் போய்க்கலாம்."

கம்பெனியின் பழைய பங்குதாரரைப் பாலவாக்கத்தில் தேடிப் பிடித்து, கடன் தீர்ந்தது என்று கடிதம் வாங்கினேன். உத்தரவு வந்து, எஞ்சின் ஏறி, கார் வாசலுக்கு வந்தபோது இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் டீசல் விலையும் ஏறியிருந்தது.

மனைவி படியிறங்கி வந்தாள். அந்த வலது கையால்தான் முன்பெல்லாம் கார்க் கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பாள், எத்தனை விரல் நீள்கிறது என்று. அது இப்போது புடவையோடு ஒட்டி, மூடிக் கிடந்தது.

"ஏன்னா, புஸ்தகத்துல எல்லாம் சரியா ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

இடது கையால் கதவைத் திறந்துகொண்டாள்.