மூடி வைத்த டீ

துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டு, பைகளுக்கும் பேன்ட்களுக்கும் ஜிப் மாற்றித் தருபவரை எல்லோரும் ஜிப்பக்கா என்றே கூப்பிடுவார்கள். அதிகம் பேசாத அவர் தன் வாய்க்கும் ஒரு ஜிப் தைத்து வைத்திருக்கிறார் என்பது எதிர்ச் சாவிக்கடைக்காரரின் கேலி.

ஜிப்பக்காவுக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. பல வருடங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் எழுபத்தைந்து மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. போட்டவுடன் டீ குடிக்கக் கூடாது என்பதால், கணவருக்குக் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரைத் தட்டால் மூடி வைப்பார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டைப் பெருக்குவார்.

ஒரே தங்கை. தாய் போன பிறகு தலை வாரிவிட்டுப் படிக்க வைத்தது இவர்தான். அவள் ஆளி விதை, பூசணி விதை, எள் எல்லாம் வறுத்து அரைத்து, ஹார்மோனைச் சீராக்கும் பொடி என்று விற்க ஆரம்பித்தாள். வீடியோவில் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"மாத்திரை போடப் போட உடம்பு சோம்பேறியாயிடும்க்கா. எனக்கும் இதே தைராய்டுதானே? பொடியிலயேதான் ஓடுது" என்றாள்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஜிப்பக்கா நாலு கேள்வி கேட்டிருப்பார். மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார். அடுத்த மாதமே பொடிப் பாக்கெட்டில் அவர் படம் வந்தது: 'மாத்திரையை விட்ட என் அக்கா.'

பிறகு உடம்பு கனத்தது. நல்ல வெயிலிலும் ஸ்வெட்டர். உங்கள் படிக்கு அடியில் மட்டும் பனி பெய்கிறதா என்று சாவிக்கடைக்காரர் கேட்டார். விரல் வீங்கி, ஊசி குத்தாமலிருக்க மாட்டிய உறை சோப்பு போட்டும் கழல மறுத்தது. குரல் கரகரத்துத் தேய்ந்தது. ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்து, ஒரு வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கினார். தங்கையிடம் சொன்னால், உடம்பில் உள்ள கெட்டது வெளியேறுகிறது, இன்னொரு ஸ்பூன் சேர்த்துக்கொள் என்றாள்.

ஜிப்பக்காவின் வீட்டுப் பக்கம் பெண்கள் கூட்டம் ஒன்றில் பேசத் தங்கையை அழைத்திருந்தார்கள். அக்காவும் மேடையில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லி, முதல் நாளே வந்து தங்கினாள். காலையில் ஜிப்பக்கா டீயை நீட்டினார்.

"வைக்கா, ஆறட்டும்."

வாங்கி வைத்துத் தட்டால் மூடினாள். கண் கடிகாரத்துக்குப் போனது. குளித்துவிட்டு வந்து டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். குடிக்கவில்லை. மறுபடியும் கடிகாரம்.

ஜிப்பக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"நூறா, எழுபத்தஞ்சா?"

தலை சீவிக்கொண்டிருந்த கை நின்றது. எதைக் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

"நூறு."

"மாத்திரையை நடுவுல விட்டதே இல்லையா?"

"விட்டா என்னால எழுந்து நிக்க முடியாதுக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பொடியும் சாப்பிடுகிறேன், அது பொய்யில்லை என்றாள். வியாபாரம் என்றால் அப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றாள். கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வந்து எதுவும் சொல்லிடாதக்கா."

"எதை வச்சுச் சொல்றது? குரல்தான் போயிடுச்சே" என்று ஜிப்பக்கா கையை உருவிக்கொண்டார். தன் டீயைக் கொட்டிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினார்.

விதை நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரையின் வேலையை அது செய்யாது என்று டாக்டர் சொன்னார். மறுபடி மாத்திரையை ஆரம்பித்த பிறகு குரல் மெதுவாகத் திரும்பியது. தங்கையின் போனை மட்டும் ஜிப்பக்கா எடுப்பதில்லை. பாக்கெட்டில் அவர் படம் இன்னும் இருக்கிறது.

போன வாரம் பை கொடுக்க வந்த ஒரு பெண் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தப் பொடி நிஜமாகவே கேட்குமா என்று ஆவலாக விசாரித்தாள்.

"நான் மாத்திரை போடுறேன்மா. நீங்க போட்டுட்டிருந்தா விட்டுடாதீங்க."

"அப்ப உங்க தங்கச்சி?"

ஜிப்பக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"அவளுக்குக் காலையில எழுந்ததும் ஒரு டீ கொடுத்துப் பாருங்க" என்றார்.