ஓசியேல் கட்டிய எண்பது லிட்டர் ஆறு

ஓசியேல் அண்ணனை நான் முதலில் பார்த்தது பிரேசிலின் மனாஸ் நகரத்தில், டயாலிசிஸ் மையத்தின் தண்ணீர் அறை வாசலில். முதல் ஷிப்டு நோயாளிகளுக்கு இயந்திரத்தை மாட்டுவதற்கு முன் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும். அது என் வேலை. சோதனைப் பட்டையை நனைத்து, நிறம் மாறவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் படிந்த ஒரு கை கதவைத் தட்டியது.

“தம்பி, அந்தக் காகிதம் எதுக்கு?”

“தண்ணியில குளோரின் இருந்தா காட்டும். மெஷின் வழியா அது ரத்தத்துல போனா ஆபத்து.”

“மீனுக்கும் ஆகாதுல்ல. எனக்கு நாலு தர்றியா?”

பேச்சைக் கேட்டதுமே எங்கள் ஆற்றுப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. அவர் பார்செலோஸ்காரர். என் ஊர் ரியோ நெக்ரோ ஆற்றில் அதற்கும் மேலே, படகில் இன்னொரு நாள். அங்கிருந்து கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான், நர்சிங் பட்டம். அதைச் சொன்னதும், “அப்போ உன்னை டாக்டரேன்னுதான் கூப்பிடணும்” என்றார். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஊரில் அவர் படகு எஞ்சின் மெக்கானிக். மனைவி வல்டெனோராவுக்கு, எனக்கு நோரா அக்கா, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. பார்செலோஸில் டயாலிசிஸ் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டு மனாஸில் ஒற்றை அறைக்கு வந்தார்கள். அவர் மோட்டார் சைக்கிள் பட்டறையில் சேர்ந்தார். நோரா அக்காவுக்கு வாரம் மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம் இயந்திரம். குடிக்க ஒரு நாளைக்கு மூன்று சின்ன டம்ளர் தண்ணீர். தோணியில் உட்கார்ந்து கையால் ஆற்றை அள்ளிக் குடித்து வளர்ந்தவர் அவர்.

“ஊருக்குக் கூட்டிட்டுப் போ கிழவா. இங்க சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சாகறதுக்கு, அங்க தண்ணியைப் பாத்துக்கிட்டுச் செத்துடறேன்.”

“அங்க மெஷின் இல்லடி. தண்ணியைத்தான பாக்கணும்? இங்க வர வைக்கிறேன்.”

கண்ணாடி வெட்டி வாங்கி வந்து அவரே ஒட்டினார். எண்பது லிட்டர் தொட்டி. முதல் தடவை மூலையில் கசிந்தது. பிரித்து மறுபடி ஒட்டினார். மணலைத் தண்ணீர் தெளியும் வரை அலசினார். நோராவின் தம்பி ஊரிலிருந்து படகில் ஒரு கட்டையும் ஒரு சாக்கு காய்ந்த இலையும் அனுப்பியிருந்தான். இலை ஊறி, தண்ணீர் எங்கள் ஆற்றின் நிறத்துக்கு, கடுந்தேநீர் போல் மாறியது. குழாய்த் தண்ணீரை வாளிகளில் இரண்டு நாள் திறந்து வைத்து, நான் கொடுத்த பட்டையால் சோதித்த பிறகுதான் ஊற்றினார். மூலையில் ஒரு பஞ்சு வடிகட்டி, அதற்குக் காற்று தள்ளும் சின்ன மோட்டார்.

மீன் மட்டும் விடவில்லை. அந்தப் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேற வேண்டும், மீனின் கழிவைத் தின்பவை அவைதான், அதற்கு மாதமே ஆகலாம் என்றார்.

நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். போகும்போதெல்லாம் நோரா அக்கா என்னிடம் புகார் சொல்வார். “வெறும் தண்ணியைக் காவல் காக்கறான். பைத்தியத்துக்கு ஊசி இருந்தா ஒண்ணு போட்டு விடு டாக்டரே.”

“திங்க முடியாத மீனுக்கு வீடு கட்டுறவன் பைத்தியம்தான்” என்று அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் பியாபா வந்தது. சிவப்பும் நீலமும் கோடு போட்ட எங்கள் ஊர்ப் பொடி மீன். பன்னிரண்டு. பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் கலந்து, அப்புறம்தான் விட்டார். பத்து நாள் கழித்துத் தரையில் மேயும் மீசைக்காரர்கள் நாலு. அதன் பிறகு மேலே மிதக்கும் கோடாலி மீன்கள். மீசைக்காரர்களில் குண்டாக இருந்ததற்கு நோரா அக்கா மேயர் என்று பெயர் வைத்தார். “எல்லாரும் தின்னது போக மிச்சத்தையும் இவன் தின்னுடறான் பாரு.”

இரண்டு மாதம் அவர் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. இயந்திரம் மாட்டும்போது என்னிடம் மீன் கதைதான் சொல்வார்.

பிறகு ஒரு நாள் பியாபா இரண்டின் மேல் மாவு தூவியது போல் வெள்ளைப் புள்ளி. அண்ணன் பட்டறையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் எந்த அடுக்களையிலும் சுகாதாரப் பணியாளர் தந்த ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்துப் புட்டி இருக்கும். குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு சொட்டு, நோய் வராது. பிள்ளை பெற்ற வீட்டிலும் காய்ச்சல் வந்த வீட்டிலும் அதைத்தான் செய்வோம். மீனுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று நினைத்துவிட்டார் நோரா அக்கா. நூற்றறுபது சொட்டு, ஒவ்வொன்றாக எண்ணி விட்டார். களைத்துப்போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.

அண்ணன் திரும்பியபோது எல்லா மீன்களும் செத்துக் கிடந்தன. என்னை அழைத்தார். போய்ப் பட்டையை நனைத்தேன். அவ்வளவு அடர்ந்த நிறத்தை மையத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்தில் புட்டி காலியாக இருந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காற்று மோட்டாரின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

அக்கா எழுந்தார்.

“கரண்ட் போயிடுச்சு நோரா. ரெண்டு மணி நேரம். மோட்டார் நின்னுடுச்சு.”

அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் சொட்டு மருந்து விட்டிருந்தேனே. அது கூடவா காப்பாத்தல?”

“நீ விட்டதாலதான் இவ்வளவு நேரமாவது தாங்குச்சு.”

நிறம் மாறிய பட்டையை நான் கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மையத்தின் நாற்காலியில் சாய்ந்திருந்த அக்கா கையை நீட்ட மறுத்தார். “மெஷின் நின்னா அதுங்களும் செத்துடுதுங்க டாக்டரே. ஆத்துல எது நின்னு செத்துச்சு? என்னை விட்ருங்க.” மருத்துவர் வந்து பேசினார். நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம்தான் என்று மறைக்காமல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டு, சிகிச்சை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அண்ணனைத் தண்ணீர் அறைக்கு இழுத்துப் போனேன். “மீனுங்க மெஷினால சாகலைன்னு சொல்லிடுங்கண்ணே. அதை நம்பித்தான் போறாங்க. சொன்னா இருந்துடுவாங்க.”

அவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். “இருப்பா. தன் கையாலயே கொன்னோம்னு தெரிஞ்சு இருப்பா. ஒவ்வொரு தடவையும் நீ ஊசி குத்தும்போது அதையே நினைச்சுக்கிட்டு இருப்பா. அப்படி ஒரு இருப்பு அவளுக்கு வேணாம் டாக்டரே.”

“அவங்க போயிட்டா நீங்க?”

அவர் கதவைத் திறந்துகொண்டு அக்காவிடம் போனார். வெள்ளிக்கிழமைப் படகில் படுக்க அடுத்தடுத்து இரண்டு தூளி கட்டிக்கொண்டு போனார்கள். துறையில் நான் பைகளை ஏற்றிக் கொடுத்தேன். படகு கிளம்பும்போது அக்கா என்னிடம், “இனிமே எவ்வளவு வேணா குடிப்பேன்” என்றார்.

பதினோராம் நாள் அக்கா இறந்துபோனார். ஆற்றைப் பார்த்த அறையில்தான் என்று அவருடைய தம்பி போனில் சொன்னான். மீன் செத்த காரணம் கடைசி வரை அவருக்குத் தெரியாது.

ஓசியேல் அண்ணன் இப்போது பார்செலோஸில் இருக்கிறார். துறையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். தனியாக இருக்கிறார்.