சபாநாயகர் நாற்காலியில் ஒரு டீ

துபாயின் அல் கூஸ் தொழிற்பேட்டையில் நான் வந்த டாக்சி சூடேறி நின்றுவிடுகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எதிர்ப் பட்டறையிலிருந்து ஒருவர் கைதட்டிக் கூப்பிடுகிறார்.

"உள்ள வாங்க சார், ஏசி ஓடுது."

அறந்தாங்கிக்காரர், பெயர் செல்வம். உள்ளே வரிசை வரிசையாக நீல நாற்காலிகள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவுக் குடியரசின் நாடாளுமன்றத்துக்குப் போகின்றனவாம். சாயங்காலம் கன்டெய்னர் வந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்த பிறகுதான் பிளாஸ்டிக் சுற்றுகிறார்கள்.

அவர் கொடுத்த டீயோடு, கண்ணில் பட்ட உயரமான நாற்காலியில் உட்காருகிறேன். பட்டறையே திரும்பிப் பார்க்கிறது.

"தப்பா?"

"தப்பில்ல சார். அது சபாநாயகர் சீட்டு. அதுல மட்டும் உக்காந்து பாக்க எங்களுக்கு மனசு வரல."

பதறி எழப் போகிறேன். நாற்காலி கிறீச்சிடுகிறது. செல்வத்தின் முகம் மாறிவிடுகிறது.

"எந்திரிக்காதீங்க!"

தரையில் படுத்து, அடியில் எதையோ தடவித் தேடுகிறார். லூசாக இருந்த போல்ட் ஒன்றை ஸ்பேனரால் முறுக்குகிறார்.

"நல்லவேளை வந்தீங்க சார். அங்க போயி உடைஞ்சிருந்தா எங்க மானமே போயிருக்கும்."

நிழலும் டீயும் கொடுத்தவர் எனக்கு நன்றி சொல்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"இப்ப நீங்க உக்காந்து பாருங்க," என்கிறேன்.

பேன்டின் பின்பக்கத்தை நன்றாகத் தட்டிவிட்டு உட்காருகிறார். ஆட்டிப் பார்க்கிறார். சத்தமே இல்லை.

"ஊர்ல ஓட்டுப் போடவே எனக்கு லீவு கிடைச்சதில்ல சார்," என்று சிரிக்கிறார்.

எழுந்திருக்க அவருக்கு அவசரமில்லை.