வெயிலூரில் கம்பளி பின்னிய எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை அனுப்பி, அவை போன வேகத்திலேயே திரும்பி வரக் கண்டவன் நான். எழுதத் தெரிந்தவன் என்று குடும்பத்தில் பேரெடுக்க அது போதுமானதாக இருந்தது. துக்கத்தை எழுதிப் பழக்கமில்லை. குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது தாயில்பட்டியில். அப்பா கரிசலில் பருத்தி போட்டவர். வீடு நிறையப் பஞ்சு கிடந்த குடும்பத்தின் பெண், மதுரையில் விடுதியில் தங்கி இண்டர்மீடியட் படித்தபோது வார்டனம்மாளிடம் கற்றுக்கொண்டது கம்பளி நூல் பின்னல். விடுமுறைக்கு வந்தவர், தான் பின்னிய ஸ்வெட்டரை அப்பாவிடம் நீட்டினார். அப்போது சித்திரை மாதம். அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. இதைப் போடணும்னா எந்த ஊருக்குப் போகணும்?"

இண்டர்மீடியட்டோடு படிப்பு நின்று கல்யாணம் நடந்தது. அத்தானுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி போர்மேன் வேலை. அங்கே குடிபோன அக்கா, பட்டாசுக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளுக்குக் குல்லா பின்னிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு வேர்த்து வடிந்தது. இருந்தாலும் அக்காவின் குல்லா போடாத குழந்தையை அந்தத் தெருக்களில் நான் பார்த்ததில்லை.

ஒரு சீசனில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் விபத்து. அத்தானுடைய சிநேகிதர் போய்விட்டார். துக்கம் கேட்டுவிட்டு வந்த அக்கா நேராக விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே தம்பி, அந்த வீட்டுல மூணு பிள்ளைக. அவ எங்கன போவா? நாளைக்கு இவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கன போவேன்? இங்கன பொம்பளைக காலேஜ் இருக்குல்ல, என்னையச் சேர்த்து விடு. பி.ஏ. முடிச்சா டீச்சர் வேலைக்காச்சும் போவேன்."

அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நானோ பி.ஏ.வை மூன்று தவணையில் வாங்கியவன். ஆனாலும் அனுபவசாலி என்ற முறையில் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அக்கா அதை வாங்கித் திருத்திக் கொடுத்தார்.

முதல் வருடத்திலேயே வம்பு வந்தது. கம்பளி உரசினால் பொறி பறக்கும் என்பது அத்தானின் வேதம். கம்பெனி வாசலில் நின்று தீப்பெட்டி, இரும்பு, நைலான், கம்பளி என்று ஒவ்வொருவரையும் சோதித்து உள்ளே விடுகிறவர் அவர். ஒருநாள் மருந்து கலக்கும் அறை வாசலில் ஒரு பெண் அவரை நிறுத்திவிட்டாள்.

"போர்மேனய்யா, உங்க முதுகுல ரோஸ் கலர்ல என்னமோ ஒட்டியிருக்கு. நாங்க இப்படி வந்தா உள்ள விடுவீகளா?"

ஏதோ ஒரு குழந்தையின் குல்லாவில் மிஞ்சிய இழை அது. அத்தான் தனக்குத்தானே தண்டனை விதித்துக்கொண்டு அன்று முழுவதும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என் வீட்டில் பஞ்சாயத்து.

"நூலும் வேணும், காலேஜும் வேணும்னா எப்படி? எதையாச்சும் ஒண்ணை விட்டுரு" என்றார் அத்தான்.

"படிப்பை விட்டா நாளைக்குச் சோத்துக்கு வழி இல்ல. நூலை விட்டா இன்னைக்கே பைத்தியம் பிடிச்சுரும். எதை விடட்டும், நீங்களே சொல்லுங்க."

நூலெல்லாம் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"பூச்சி அரிக்காமப் பாத்துக்கிடுவியாலே?"

"என் புஸ்தகம் மாதிரிப் பாத்துக்கிடுதேன்க்கா."

"அதைத்தான் கரையான் தின்னுருச்சே!"

அன்று முதல் அதுவே ஏற்பாடாயிற்று. காலையில் பஸ் ஏறி விருதுநகர். கல்லூரி விட்டதும் என் வீடு. அக்கா பின்னுவார், என் மனைவி பாடக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். விடை தப்பினால் பின்னலும் தப்பும். மொகலாயர் பரம்பரை முடியாமல் நீண்ட வாரத்தில் ஒரு குழந்தையின் காலுறை முழங்கால் தாண்டி நீண்டுவிட்டது. பஸ்ஸுக்கு நேரமானதும் குளித்து, வேறு சேலை மாற்றி, என் மனைவி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார். அத்தானின் வீட்டுக்குள் அதன்பின் ஓர் இழைகூடப் போனதில்லை.

அக்கா கடைசி வருடத்துக்கு வந்தபோது மகளும் அதே கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தாள். பஸ்ஸில் தாயை விட்டு நாலு சீட் தள்ளி உட்காருவாள்.

"காலேஜ்ல எனக்கு முந்தானையால மூஞ்சியத் துடைச்சு விடாதீகம்மா, கேலி பண்ணுதாளுக" என்று என் வீட்டுக் கூடத்தில் அழுதிருக்கிறாள்.

"சரிங்க மேடம்" என்று சொல்லி, முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்து விட்டார் அக்கா.

அந்தத் தை மாதம் கால் வீங்கியது. நிறைய நடக்கிறோம் என்றார். பிறகு முகமும் வீங்கியது. மதுரைப் பெரிய டாக்டர் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாகச் சொன்னார். அத்தானை வெளியே அழைத்துப்போய், செய்வதற்கு அதிகம் இல்லை என்றும் சொன்னார். அதை அக்காவிடம் சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை. அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்.

பங்குனி வெயிலில் அக்காவுக்குக் குளிரெடுத்தது. ஒருநாள் அத்தான் என் வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருந்த நூல் முழுவதையும் ஒரு சாக்கில் அள்ளினார்.

"அத்தான், வீட்டுக்கா? உங்க வேலை?"

"வேலைக்குப் போனாத்தானப்பா அது. நான் எங்க போகப் போறேன்?"

இருபது வருடம் கம்பளிக்குக் காவல் நின்றவர், இரண்டு கையையும் நீட்டி நூல் சிட்டத்தை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா மெல்ல மெல்ல அதை உருண்டையாகச் சுற்றினார். நான் உள்ளே போகாமல் வாசலோடு திரும்பிவிட்டேன். எனக்குக் கேலி செய்ய ஒன்றும் வரவில்லை.

பரீட்சைக்குப் போகக்கூடாது என்றார் டாக்டர். "உக்காந்து எழுதுறதுதான? நடக்கவா சொல்லுதாக?" என்றார் அக்கா. முதலாளி கார் கொடுத்தார். ஒவ்வொரு தாளாக எழுதிவந்தார். கடைசித் தாளன்று மகள்தான் கைத்தாங்கலாக ஹால்வரை கூட்டிப்போனாள். எல்லாப் பெண்களும் பார்க்கத் தாயின் முகத்தைத் தன் தாவணியால் துடைத்து விட்டாள். வெளியே வந்த அக்கா என்னிடம் சொன்னார்:

"பாதிக்கு மேல கை ஓடலலே. பரவால்ல, செப்டம்பர் பரீட்சை இருக்குல்ல."

வைகாசியில் அக்கா போய்விட்டார். அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றுதான் எல்லா ஏற்பாட்டையும் செய்தார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒன்றும் செய்து வைக்கவில்லை. அத்தானுக்கு இன்றும் சோறு எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியாது.

சிகிச்சை செய்த மருத்துவருக்கும், கார் கொடுத்த முதலாளிக்கும், அக்கா வரும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்த கண்டக்டருக்கும், குல்லா போட்ட பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேதம் கேட்க வந்து நின்ற பெண்களுக்கும், தங்களைவிடப் பதினெட்டு வயது மூத்தவரைத் தோழியாக ஏற்ற கல்லூரி மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு முடிவு ஆனியில் வந்தது. கடைசித் தாள் தவிர எல்லாவற்றிலும் தேறியிருந்தார். இந்த மலரை அச்சுக்குக் கொடுத்தபோது அச்சகக்காரர், "பேருக்குப் பின்னால பி.ஏ. விட்டுப்போச்சே சார்?" என்றார். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டுருவோமப்பா. ஒரு தாள்தான. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம்ப்பா. அம்மா செப்டம்பர்ல எழுதி அவுகளே வாங்கியிருப்பாக. நாம போட்டா, அவுகளால முடியாதுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்."

அத்தான் என் கையை விட்டார். பிறகு அச்சகக்காரரிடம், "அவ சொல்லுத மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

ஆகவே அட்டையில் அக்காவின் பெயருக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை யாரும் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.